கொக்கு வண்டி: அமுங்கும் பெடல்

"தூங்கினியா?"

அந்த வீட்டில் காலை விசாரிப்பு அதுதான். காபி குடிச்சியா, குளிச்சியா என்றெல்லாம் மாமியார் கேட்பதில்லை. எழுந்து வருகிற முகத்தைப் பார்த்ததும் முதல் கேள்வி, தூங்கினியா. 'ம்' என்று சொன்னால் போதாது. கிட்டே வந்து கண்ணுக்குக் கீழே பார்ப்பாள். கறுப்பு தெரிந்தால் அன்றைக்கு வண்டிச் சாவி கைக்கு வராது.

"தூங்கினேன் அத்தை," என்றாள் மருமகள்.

"பொய். ராத்திரி ரெண்டு தரம் பாத்ரூம் லைட் எரிஞ்சுது."

"அதைப் பாக்க நீங்க முழிச்சிட்டு இருந்தீங்கல்ல? உங்களை யார் கேக்கறது?"

"நான் வண்டி ஓட்டறவ இல்ல," என்று மாமியார் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

இந்தக் கதையில் இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்ற கோடையில் மாமனார் மலைப்பாதை இறக்கத்தில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்து இறந்தார். பட்டப்பகல். காய்ந்த சாலை. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. வளைவில் டயர் தேய்ந்த தடம்கூட இல்லை. பிரேக்கை மிதிக்கவே இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஆள் கண் அசந்துவிட்டார். போலீஸ்காரர் அப்படித்தான் எழுதினார். ஊரும் அப்படித்தான் நம்பியது.

மாமியாருக்கு மட்டும் அதில் கூடுதலாக ஒரு வரி தெரியும். முந்தின இரவு அவரைத் தூங்கவிடாமல் சண்டை போட்டது அவள்தான். "அந்தத் துருப்பிடிச்ச கொக்கை வித்துத் தொலைச்சிட்டு மனுஷங்க ஏறற மாதிரி ஒரு வண்டி வாங்குங்க" என்று விடியும்வரை விடவில்லை. விடிந்ததும் அவர் அந்தக் கொக்கிலேயே ஏறிப் போனார். திரும்பி வரவில்லை.

கொக்கு என்பது வண்டி. பானட் நுனியில் ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளிக் கொக்கு ஒன்று உண்டு. கம்பெனியின் நிஜப்பெயர் யார் வாயிலும் நுழையாததால் கொக்கு என்றே ஆகிவிட்டது. கம்பெனியை என்றைக்கோ இழுத்து மூடிவிட்டார்கள். அதன் பிறகும் வண்டியை விடாமல் வைத்திருந்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர். அவர்களுக்கு ஒரு சங்கம், மாமனார் அதற்குத் தலைவர். நடுரோட்டில் வண்டி நின்றால், "என்ன சார், கொக்கு நிக்குது, மீனு சிக்கலையா?" என்று டீக்கடையிலிருந்து குரல் வரும். அத்தனை கேலிக்கும் சிரித்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனவர்கள் அவர்கள்.

கம்பெனியே இல்லாத வண்டிக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? அதற்குச் சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் இறந்தால் அவர் வண்டியை விற்பதில்லை. பிரித்து, ஆளுக்கொரு பாகமாக எடுத்துக்கொள்வார்கள். துக்கம் விசாரிக்க வருவதும், ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு போவதும் ஒரே நாளில் நடக்கும். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கௌரவம் என்றே நினைப்பார்கள். ஒரிஜினல் பாகத்தைக் குப்பையில் போடுவதுதான் அவர்கள் கணக்கில் பாவம்.

அதனால் மாமனார் ஊர் முழுக்கப் பரவிக் கிடந்தார். அவருடைய கதவு கணக்கு வாத்தியார் வண்டியில். ஸ்டியரிங் சொந்த மகனின் வண்டியில். ஹாரன் பல் டாக்டர் வண்டியில்.

அந்த ஹாரன்தான் இப்போது தெருமுனையில் அடித்தது. முதலில் ஒரு தடித்த ஒலி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மெல்லிய ஒலி. கொக்கு வண்டிகளில் எல்லா ஹாரனும் ஒன்று போலத்தான் கேட்கும் என்பார்கள். மாமியாருக்கு அப்படியில்லை. டம்ளரை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லச் சொன்னேனே, நம்ம தெருவுல ஹாரன் அடிக்க வேணாம்னு."

"சொல்லிட்டேன் அத்தை. மாமாவுக்கு மரியாதை பண்றாராம்."

"செத்தவர் குரலை எடுத்து வச்சுக்கிட்டு அவருக்கே மரியாதையா? நல்லா இருக்குது."

அன்று சங்கத்துக்கே பெரிய நாள். செத்த கம்பெனியின் பெயரை வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. அதே கொக்கை முன்னால் ஒட்டி, பேட்டரியில் ஓடும் புது வண்டிகளை விடப்போகிறது. அடிவாரத்தில் கண்ணாடியாலேயே கட்டின ஷோரூம். மேலே இருக்கும் பழைய கொக்குகளெல்லாம் வரிசையாக இறங்கி வர, திறப்பு விழா. வருகிற வண்டிகளில் எல்லாப் பாகமும் ஒரிஜினலாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஷோரூமின் நடுவில் நிறுத்தப் போகிறார்கள். செய்தி பரவினதிலிருந்து, கேலி பேசின அதே டீக்கடையில், "சார், பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்கிறார்கள்.

வரிசையின் முதல் வண்டி மகனுடையது. முன்சீட்டில் தலைவரின் மனைவி உட்கார வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. அவர் இறந்ததிலிருந்து எந்த வண்டியிலும் ஏறாத மாமியார் இதற்கு மட்டும் சரி என்றாள்.

"ஒரே ஒரு தடவை உக்காரறேன். அப்புறம் அது அந்தக் கண்ணாடிக்குள்ளயே நிக்கட்டும். என் வாசல்ல வேணாம்."

மருமகளின் கணவனுக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. அப்பா இருந்தவரை கொக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன். அவர் போன பிறகு தனக்கென்று ஒரு பழைய கொக்கைத் தேடி வாங்கி, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தான். காலையிலிருந்து காதில் போன்.

"வண்டியை நீ எடுத்துட்டுப் போய் பெட்ரோல் போட்டுட்டு வந்துடறியா? நான் மேல போய் வரிசை நிறுத்தணும். பாத்து. ஒரு கீறல் விழக்கூடாது."

"டிரைவிங் சொல்லிக் குடுக்கறவகிட்ட சொல்றீங்க."

"உன் ஸ்கூல் வண்டியைப் பாத்திருக்கேன். அதனாலதான் சொல்றேன்."

மருமகள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கில் கால் வைத்தபடியே நாளெல்லாம் ஊரைச் சுற்றுவது அவள் பிழைப்பு. கிளம்பும்போதே போன் வந்தது. கற்றுக்கொள்ள வரும் தையல்காரர்.

"மிஸ், இன்னைக்கு ரிவர்ஸ் சொல்லித் தரேன்னீங்களே?"

"நேத்து நீங்க எடுத்த ரிவர்ஸ்ல விழுந்த சுவரையே இன்னும் கட்டலண்ணா. நாளைக்குப் பாக்கலாம்."

பெட்ரோல் போட்டுக்கொண்டு அவள் மேட்டுத்தெரு இறக்கத்தில் வந்தாள். கீழே சிக்னலில் சிவப்பு. மெல்ல மிதித்து வண்டியை நிறுத்தினாள். முன்னால் தண்ணீர் கேன் ஏற்றின மூன்று சக்கர வண்டி. ஓட்டுகிறவர் இறங்கி நின்று, சரிந்த கேனைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கால் பெடலில் இருந்தது. பெடல் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் தன் கால்தான் அழுத்துகிறது என்று நினைத்தாள். இல்லை. அவள் அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தாள். சேற்றில் கால் இறங்குவது மாதிரி, அவசரமே இல்லாமல் அது கீழே போனது. வண்டி நகர்ந்தது. தண்ணீர் கேன்காரரின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வண்டி குலுங்கி நின்றது. பானட்டின் கொக்கு அந்த மனிதர் சட்டையைத் தொட்டுவிடும் தூரம். அவர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, கொக்குக்குத் தாகமா?" என்றார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. காலை எடுத்து ஒருமுறை ஓங்கி மிதித்தாள். பெடல் கல் மாதிரி நின்றது. எடுத்து, மறுபடி மெல்ல வைத்தாள். மறுபடி இறங்கியது.

அவளுக்கு முதலில் தோன்றியது கணவனைப் பற்றித்தான். அவன் பிரேக் மிதிப்பது எலியை மிதிப்பது மாதிரி. இந்த வாரம் முழுக்க அவன்தான் ஓட்டினான். எப்படித் தெரிந்திருக்கும்?

ஷெட் பக்கத்தில்தான் இருந்தது. முதல் கியரில், ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே உருட்டி வந்து சேர்ந்தாள்.

ஷெட்காரர் மாமியாரின் தம்பி. கணவனுக்குத் தாய்மாமன், அவளுக்குச் சித்தப்பா முறை. ஊரில் எல்லோருக்கும் ஸ்பானர். ஊரிலிருக்கும் அத்தனை கொக்குகளும் ஸ்பானர் கைபட்டு ஓடுகிறவைதான். ஒரு வாய் சாப்பாடானாலும் அக்கா கையால்தான் சாப்பிடுவேன் என்று, பெண்டாட்டி போன பிறகு இரண்டு வேளையும் இவர்கள் வீட்டுக்குத்தான் வருவார். இன்று விழாவுக்காகப் புதுச்சட்டை போட்டிருந்தார். அதன் பாக்கெட்டிலும் ஒரு ஸ்பானர்.

"என்னம்மாடி, ஊர்வலம் இந்தப் பக்கமா?"

"சித்தப்பா, பிரேக் பெடல் அமுங்குது."

"அமுங்காதே. போன வாரம்தான் மாத்தினேன்." உட்கார்ந்து தொம்மென்று மிதித்தார். "பாரு. கல்லு."

"அப்படி இல்ல. மெதுவா. என்கிட்ட புதுசா வர்றவங்க மாதிரி, பயந்து பயந்து மிதிங்க. மிதிச்சிட்டு அப்படியே வச்சிருங்க."

ஸ்பானர் சிரித்துக்கொண்டே மெல்ல மிதித்தார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கால் தரையைத் தொட்டது.

இறங்கிப் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நாலு சக்கரத்தையும் பார்த்தார். ஒரு சொட்டு பிரேக் ஆயில் வெளியே இல்லை. எழுந்து பானட்டைத் திறந்து, உள்ளங்கை நீளமுள்ள அந்த இரும்புக் குழாயை விரலால் தொட்டார். மாஸ்டர் சிலிண்டர். மிதிக்கிற மிதியை நாலு சக்கரத்துக்கும் ஆயில் வழியாக அனுப்புவது அதுதான்.

"உள்ளுக்குள்ளயே திரும்பிடுது," என்றார், தனக்குத்தானே. "ஓங்கி மிதிச்சா ரப்பர் விரிஞ்சு பிடிச்சுக்குது. மெதுவா மிதிச்சா ஆயில் பக்கவாட்டுல நழுவிடுது. குழாய்க்குள்ள கோடு விழுந்திருக்கணும்."

"இதுல முன்னாடி வேற சிலிண்டர் இருந்துச்சே?"

"அது வேன் சிலிண்டர். கம்பெனிக்காரன் ஒரிஜினல் கேக்கறான்னு உன் புருஷன் ஒத்தக்கால்ல நின்னான். ஷெல்ஃப்ல இது கிடந்துச்சு. மத்ததெல்லாம் ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போயிட்டாங்க. இதை மட்டும் யாரும் கேக்கல. ரப்பர் மாத்தி, மிதிச்சுப் பாத்தேன். நின்னுச்சு. ஒரிஜினலைத் தூக்கிப் போட மனசு வருமா?"

"யார் வண்டியிலேருந்து கழட்டினது சித்தப்பா?"

பதில் சொல்ல வாயைத் திறந்த ஸ்பானர், குழாய் மேலிருந்த விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

மாமனாரின் வண்டியிலிருந்து.

ஷெட்டில் ரேடியோ ஏதோ விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தது. மருமகள் போய் அதை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு வந்து கேட்டாள்.

"அந்த வண்டியைத் தூக்கிட்டு வந்து பிரிச்சது நீங்கதான். கியர் எதுல இருந்துச்சு?"

"ரெண்டாவதுல."

"இறக்கத்துல எப்பவும் நாலாவதுல வர்ற மனுஷன், தூங்கறதுக்கு முன்னாடி கியரைக் குறைச்சுட்டுத் தூங்கினாரா?"

"விழுந்ததுல கம்பி தானா நகந்திருக்கும்னு..."

"ஹேண்ட் பிரேக்?"

ஸ்பானர் டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மேல இழுத்து இருந்துச்சு. கேபிள் அறுந்திருந்துச்சு. அதுவும் விழுந்ததுலதான் அறுந்துச்சுன்னு நினைச்சேன். அத்தானுக்கு என் வேலை மேல அவ்வளவு நம்பிக்கைம்மா. பானட்டைத் திறந்துகூடப் பாக்க மாட்டார்."

கணவன் வந்து சேர்ந்தபோது இருவரும் அப்படியே இருந்தார்கள். அவன் மேலே வரிசையை நிறுத்திவிட்டு, வண்டி ஏன் வரவில்லை என்று பார்க்க யாருடைய பைக்கின் பின்னாலோ தொற்றிக்கொண்டு வந்திருந்தான். கழுத்தில் சங்கத்தின் அட்டை தொங்கியது.

"என்ன மாமா, இந்த நேரத்துல பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு? எல்லாரும் ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கறாங்க!"

"பிரேக் இல்லங்க," என்றாள் மருமகள். "இந்த வண்டி இறங்காது."

"காலையில வரைக்கும் நல்லா இருந்துச்சே?"

"நீங்க மிதிக்கற மிதிக்கு நல்லாத்தான் இருக்கும். சிலிண்டர் போயிருக்கு."

"வேன் சிலிண்டரை மாட்டிட்டா?"

"மாட்டலாம்," என்றார் ஸ்பானர் தலையைத் தூக்காமல். "மாட்டி ஆயில் ஊத்தி காத்தெல்லாம் எடுக்கறதுக்குள்ள விழாவே முடிஞ்சிடும். அப்புறம் அது ஒரிஜினலும் இல்ல."

அவன் ஷெட்டுக்குள் நடந்தான். கையைப் பின்னால் கட்டுவதை மறந்திருந்தான். இத்தனை வருடக் கேலி, அப்பாவின் பெயர், கண்ணாடிக்குள் நிற்கப்போகும் வண்டி, எல்லாம் அவன் நடையில் இருந்தன.

"சரி. ஒண்ணு பண்ணலாம். மெதுவாத்தானே போகப்போறோம்? ரெண்டாவது கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு உருட்டிடறேன். ஒரே ஒரு இறக்கம். கீழ போயிட்டா முடிஞ்சுது."

"அதைத்தான் உங்கப்பாவும் பண்ணினார்," என்றாள் மருமகள்.

சொன்ன பிறகுதான், கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் பக்குவமாகச் சொல்ல அதில் என்ன இருக்கிறது? கியரைச் சொன்னாள். அறுந்த கேபிளைச் சொன்னாள். தடமே விழாத சாலையைச் சொன்னாள். பிறகு அவனை சீட்டில் உட்காரவைத்து, மெதுவாக மிதிக்கச் சொன்னாள்.

அவன் மிதித்தான். கால் தரை தட்டும்வரை மிதித்தான். நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அப்பாவின் ஸ்டியரிங்கில் கை, அப்பாவின் சிலிண்டரில் கால்.

பல் டாக்டர் போனில் கூப்பிட்டார். எடுத்தான்.

"டாக்டர், யாரும் இறங்காதீங்க... இல்ல, நான் சொல்றேன். எல்லா வண்டியையும் ஆஃப் பண்ணுங்க. பெடலை மெதுவா மிதிச்சு, அப்படியே பிடிச்சுப் பாருங்க... கம்பெனிக்காரங்க காத்திருந்தா காத்திருக்கட்டும். நம்ம வண்டி எல்லாமே செத்தவங்க சாமான்ல ஓடுது டாக்டர். எதுல எது இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

எதிர்முனையில் டாக்டர் கத்தினது மருமகளுக்கே கேட்டது. கணவன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். கழுத்து அட்டையையும் கழற்றினான்.

"அம்மாவுக்குத் தெரியக்கூடாது," என்றான்.

"ஏன்?"

"ஏன்னு கேக்கறியா? மாட்டினது யாரு? அம்மாவுக்குப் பிறந்த வீடுன்னு மிச்சம் இருக்கறது இவர் ஒருத்தர்தான். அதையும் பிடுங்கச் சொல்றியா?"

ஸ்பானர் துணியால் கையைத் துடைத்தார். கையில் அழுக்கு போய் வெகுநேரம் ஆகியும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவங்க தினமும் காலையில எழுந்து, புருஷனை ஒருதரம் கொன்னுட்டு, அப்புறம் காபி போடறாங்க," என்றாள் மருமகள். "நமக்கெல்லாம் காபி கிடைக்குதுங்கறதால அது பரவாயில்லையா?"

"நீ புரிஞ்சுக்காம பேசாதே."

"புரிஞ்சுதான் பேசறேன். சித்தப்பா மேல எனக்கு என்ன பகை? வேணும்னா பண்ணினார்? ஆனா தப்பே பண்ணாத ஒருத்தங்க அதைச் சுமக்கறாங்களே."

"அவ சொல்றது சரிதான்டா," என்றார் ஸ்பானர். துணியை மடித்துக் கீழே வைத்தார். "சரிதான். ஆனா இன்னைக்கு வேணாம். நாளைக்கு நானே சொல்றேன். இன்னைக்கு ஒரு வேளை அக்கா கையால சாப்பிட்டுக்கறேன்."

அதற்கு யாரும் பதில் சொல்லும் முன், ஷெட் வாசலில் வெளிச்சம் குறைந்தது.

மாமியார் நின்றிருந்தாள். வெளியூர் போகும்போது மட்டும் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மார்போடு பிடித்தபடி. வீட்டில் காத்திருந்து பார்த்துவிட்டு நடந்தே வந்திருந்தாள்.

"என்னடா இது? என்னைக் கிளம்பி இருக்கச் சொல்லிட்டு மூணு பேரும் இங்க மாநாடு நடத்தறீங்க? வண்டி மறுபடியும் நின்னு போச்சா?"

"ஆமாம்மா," என்றான் மகன் அவசரமாக. "சின்ன ரிப்பேர். விழாவுக்குப் போகல. நீங்க வீட்டுக்குப் போங்க, நான் வந்து..."

"உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்குது? தம்பி, உனக்கு என்னடா?" அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் மருமகளிடம் வந்து நின்றாள். "நீ சொல்லு. நீதான் இவங்களை மாதிரி மென்னு முழுங்க மாட்டே."

கணவன் தலையை அசைத்தான். வேண்டாம்.

மருமகள் முன்கதவைத் திறந்தாள். "அத்தை, இங்க வந்து உக்காருங்க."

"அது ஓட்டறவங்க சீட்டு."

"தெரியும். உக்காருங்க. வண்டி நகராது, சக்கரத்துக்குக் கல்லு வச்சிருக்கு."

மாமியார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பக்கம். எட்டவில்லை, முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்கார்ந்தாள். மருமகள் குனிந்து, மாமியாரின் வலது காலைப் பிடித்து நடுப் பெடலில் வைத்தாள். புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் எல்லோருக்கும் செய்வதுதான்.

"இது பிரேக். மெதுவா மிதிங்க. மிதிச்சிட்டு அப்படியே வச்சிருங்க."

மாமியார் மிதித்தாள். பெடல் கொஞ்சம் போய் நின்றது. பிறகு நிற்காமல் போனது.

"இது எங்க போகுது?" என்றாள்.

குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"ஏய், பிடிமானமே இல்லாம எங்க போகுது இது?"

"அவ்வளவுதான் அத்தை. அது நிக்காது. இது மாமா வண்டியில இருந்த சாமான். அன்னைக்கு இறக்கத்துலயும் இப்படித்தான் போயிருக்கு. அவர் தூங்கல. கியரைக் குறைச்சிருக்கார், ஹேண்ட் பிரேக்கை அறுந்து போற அளவுக்கு இழுத்திருக்கார். நீங்க சண்டை போட்டதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவர் தூங்கவே இல்ல அத்தை."

மாமியார் காலை எடுக்கவில்லை. தோள்கள் மட்டும் இறங்கின. அவ்வளவு நாளும் அவை தூக்கியே இருந்தன என்பது இப்போதுதான் மருமகளுக்குத் தெரிந்தது. ஒரு மூச்சு விட்டாள், நீளமாக. சொன்னது சரிதான் என்று மருமகள் நினைத்தாள். அந்த ஒரு மூச்சுவரைதான் அப்படி நினைத்தாள்.

"அப்போ முழிச்சிட்டுத்தான் இருந்தாரா," என்றாள் மாமியார்.

"ஆமா அத்தை."

"கீழ போய் விழற வரைக்கும்?"

இதை மருமகள் யோசித்திருக்கவில்லை. தூங்கின மனிதனுக்கு ஒன்றும் தெரியாது. விழித்திருந்தவனுக்கு வளைவு தெரிந்திருக்கும், பள்ளம் தெரிந்திருக்கும், காலுக்கடியில் இது இப்படிப் போவது தெரிந்திருக்கும். இத்தனை நாள் மாமியாருக்குப் பழி இருந்தது. அவருக்குத் தூக்கமாவது இருந்தது. இப்போது அதை எடுத்தாயிற்று. திருப்பி வைக்க முடியாது.

"கூப்பிட்டிருப்பாரோ?" என்றாள் மாமியார், யாரையும் பார்க்காமல். "என்னை இல்ல. என்னைக் கூப்பிட மாட்டார். கோவத்துல போனார்."

கணவன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான்.

ஸ்பானர் டூல் பெட்டியிலிருந்து எழுந்து வந்தார். "அக்கா, அத்தான் வண்டியில அதை மாட்டினது நான்தான்."

"தெரியுது. வேற யார் மாட்டுவா?" கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "உனக்கு எங்கேருந்து கிடைச்சுது இது? புதுசா?"

"புதுசு ஏதுக்கா? காண்ட்ராக்டர் வண்டியைப் பிரிச்சப்ப எடுத்தது."

காண்ட்ராக்டர் சங்கத்தில் ஒருவர். மாமனாருக்கு முன்னால் இறந்தவர். ஏரிக்கரைச் சரிவில் வண்டியோடு தண்ணீருக்குள் போனார். ஆள் எப்போதாவது ஒரு கல்யாணம் காட்சி என்றால் குடிப்பவர். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அவர் மனைவி மட்டும் அன்னைக்கு அவர் குடிக்கலை, குடிக்கலை என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு வந்தவர்கள் குறைந்தார்கள். அவளும் யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டாள்.

இதெல்லாம் ஷெட்டில் இருந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அவ என்கிட்ட வந்து அழுதா," என்றாள் மாமியார். "நான் சொன்னேன். குடிச்சிட்டு ஓட்டினா அப்படித்தான் ஆகும், நீதான் கட்டுப்படுத்தி வச்சிருக்கணும்னு. அவ மூஞ்சிக்கு நேரா சொன்னேன்."

"அக்கா..."

"அவ வீடு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும். ஆனா இத்தனை வருஷம் கழிச்சு அவகிட்ட போய் என்னன்னு சொல்லுவே?"

மாமியார் பெடலிலிருந்து காலை எடுத்தாள். அது ஓசைப்படாமல் மேலே வந்து, தன் இடத்தில் நின்றுகொண்டது, ஒன்றும் தெரியாதது போல.